பறித்த பூவோடு முடிந்துபோகும் பாடம்

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் உலர்தாவரத் தொகுப்புக்கு இப்போது நல்ல மதிப்பு. செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்த துளசி, நித்தியகல்யாணி, குப்பைமேனி. அடியில் அழகான கையெழுத்தில் அறிவியல் பெயரும் குடும்பமும். பிள்ளைகள் புத்தகத்தை விட்டுச் செடியிடம் வந்துவிட்டார்கள் என்று பாராட்டிப் பரிசும் கொடுக்கிறார்கள். செடியிடம் வந்தார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. செடியைப் பறித்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான்.

செய்முறையின் பயனை மறுக்கவில்லை. வெங்காயத் தோலை உரித்து நுண்ணோக்கியில் வைத்துச் செல்லைத் தானே பார்த்த மாணவிக்கு எந்தப் படமும் ஈடாகாது. உலர்தாவரமும் இளப்பமான பொருளல்ல. திருச்சி ராபினட் ஹெர்பேரியத்தில் பாதிரியார் கே. எம். மேத்யூவும் அவருடைய குழுவினரும் சேர்த்துவைத்த தாள்கள் இல்லாமல் நம் சமவெளித் தாவரங்களைப் பற்றிய அவரது பெருநூல் வந்திருக்காது. ஆனால் அந்தத் தாள்களில் இடம், தேதி, மண், பூவின் நிறம் எல்லாம் இருக்கும். நம் மாணவர்களின் தாளில் பெரும்பாலும் பெயர் மட்டுமே.

என் நெடுநாள் குறை வேறு. நம் தாவரவியல் செய்முறையில் காலத்துக்கு இடமே இல்லை. செடி ஒரு நாளில் ஆய்வகத்துக்கு வருகிறது, ஒரு பீரியடில் அறுபடுகிறது, ரெக்கார்டு நோட்டில் படமாகிறது. அதற்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை.

செம்பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமுறை தலைமுறையாக மால்வேசி குடும்பத்துக்கு அதுதான் மாதிரி. மகரந்தத்தாள்கள் ஒரு கற்றையாகச் சூலகத்தண்டைச் சுற்றி நிற்பதை மாணவன் பார்க்கிறான். சூலகத்தைக் குறுக்கே வெட்டி, ஐந்து அறைகள், அச்சு சூல் ஒட்டுமுறை என்று எழுதுகிறான். நம் வீட்டுச் செம்பருத்தி அநேகமாகக் காய்ப்பதே இல்லை. பதியன் போட்டும் குச்சி நட்டும் வளர்க்கிறோம். சூலகம் என்பது காயாகப் போகிற உறுப்பு என்பதை, அது காயாகவே மாறாத செடியை வைத்துக் கற்பிக்கிறோம். இதை யாரும் ஒரு குறையாகக்கூட நினைப்பதில்லை.

அதே குடும்பத்து வெண்டையை ஒரு பையில் விதைத்தால் நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பூக்கும். காலையில் விரிகிற மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு, மாலைக்குள் வாடிவிடும். ஐந்தாறு நாளில் பறிக்கும் பதத்துக்குக் காய் வந்துவிடும். அதைக் குறுக்கே நறுக்கினால் அதே ஐந்து அறைகள், நடு அச்சை ஒட்டி விதைகள். மனப்பாடம் தேவையில்லை. இடையில் ஓர் இலையின் நரம்புகள் மஞ்சளாகலாம். அது தேமல் நோய். பரப்புவது வெள்ளை ஈ. நோய், பூச்சி, செடி மூன்றும் ஒரே பாடமாகப் பையனின் கண்முன் நிற்கும். துத்தியும் இதே குடும்பம்தான். அதன் பூ பிற்பகலில்தான் விரியும். காலை பீரியடில் மொட்டை மட்டும் பறித்து வருகிறவனுக்கு இது எப்படித் தெரியும்?

நேரமில்லை, பாடத்திட்டம் பெரிது, வகுப்பில் பிள்ளைகள் அதிகம் என்பார்கள். செடியைப் பார்க்கத் தனி பீரியட் வேண்டாம். இறைவணக்கத்துக்கு முன் ஐந்து நிமிடம் போதும். கேரளப் பள்ளிகளில் சீசன்வாட்ச் திட்டத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தைத் தேர்ந்துகொண்டு, வாரம் ஒருமுறை தளிர், பூ, காய் ஆகியவற்றின் நிலையைப் பதிவுசெய்கிறார்கள். கொன்றை எந்த வாரம் பூத்தது என்று அவர்களால் சொல்ல முடிகிறது. நம் பள்ளி வளாகத்து வேம்பு எப்போது பூத்தது என்று நம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரைக் கேட்டுப் பாருங்கள்.

உண்மையான தடை நேரமல்ல, மதிப்பெண். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஒரே நாளில் திருத்தக்கூடியது அறுத்த பூவும் ஒட்டிய இலையும்தான். நான்கு மாதம் ஒரு முருங்கையைப் பார்த்து, மழையில் பூ உதிர்ந்ததைத் தேதியோடு எழுதிய குறிப்பேட்டுக்கு அவரிடம் மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லாததை எந்த ஆசிரியரும் செய்ய வைக்கமாட்டார்.

பள்ளிக்கல்வித் துறை ஒன்று செய்யலாம். வரும் ஜூனில் பதினொன்றாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு செடியை ஒப்படைத்து, செய்முறை மதிப்பெண்ணில் பாதியை அந்தச் செடியின் குறிப்பேட்டுக்கு ஒதுக்கட்டும்.