தோட்டத்து வீட்டுப் போனில் கட்டற்ற செயலிகள்

கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கணினியைக் கட்டற்ற மென்பொருளில்தான் படிக்கிறார்கள். 2001-ல் ‘ஐடி அட் ஸ்கூல்’ என்ற பெயரில் தொடங்கி, 2017-ல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக உருமாறிய திட்டம் இதைச் சாதித்தது. பீர்மேடு தாலுகாவில், குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை போகும் வழியில் இருக்கும் ஏலப்பாறைப் பிள்ளைகளும் இதற்கு விலக்கில்லை. ஆனால் மாலையில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குத் திரும்பி, அதே பிள்ளை அப்பாவின் போனை எடுக்கும்போது அங்கே இருப்பது வேறு உலகம். போனை வாங்கும்போதே ஒட்டிக்கொண்டு வந்த செயலிகள், யாரோ வாட்ஸ்அப்பில் தட்டிவிட்ட லிங்க்கில் இறங்கிய செயலிகள். தேயிலைத் தோட்டக் குடும்பத்துக்குச் சொந்தமான ஒரே கணினி அந்தப் போன்தான். பள்ளிக் கணினி அறையில் இத்தனை ஆண்டுகள் நின்ற அரசுக் கொள்கை அதற்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு வருவது கட்டற்ற செயலி. காசில்லாமல் கிடைப்பதெல்லாம் கட்டற்றதாகிவிடாது. இதில் புதிதாக இறங்குகிறவருக்கு ஆர்வலர்கள் காட்டும் வழி பெரும்பாலும் ஒன்றே. முதலில் எஃப்-டிராய்ட் என்ற செயலிக் கடையை நிறுவச் சொல்வார்கள். பிறகு கூகுளின் செயலிகளை ஒவ்வொன்றாக அகற்றச் சொல்வார்கள். துணிச்சல் இருந்தால் போனோடு வந்த ஆண்ட்ராய்டையே மாற்றி லினேஜ் ஓஎஸ் போடச் சொல்வார்கள். இரண்டு போன் வைத்திருப்பவர், ஆங்கிலம் சரளமாக வாசிப்பவர், ஒரு நாள் போன் வேலை செய்யாவிட்டாலும் பிழைப்பு கெடாதவர், இவர்களுக்கு அந்த வழி பொருந்தும். தோட்டத்துக்கு அது ஒத்துவராது. ஆனால் கட்டற்ற செயலிகளின் தேவை தோட்டத்தில்தான் அதிகம். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

தேவை ஏன் அதிகம் என்று பார்க்கலாம். ஃபாசிஃபை கேலரி என்ற கட்டற்ற படச் செயலியை நிறுவி, போன் அமைப்புகளில் அதன் முழு அனுமதிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். படங்களையும் வீடியோக்களையும் பார்க்கும் அனுமதி இருக்கும். இணைய அனுமதி இருக்காது. இணையத்தையே தொடாத செயலி உங்கள் வீட்டுப் படத்தை எந்த சர்வருக்கும் அனுப்ப வழியில்லை. நம்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை, கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். ஹெலிபோர்டு என்ற விசைப்பலகையும் அப்படித்தான். ஓடிபி, வங்கிக் கடவுச்சொல், மகளுக்கு எழுதும் செய்தி என எல்லாமே விசைப்பலகை வழியாகத்தான் போகின்றன. அதற்கு இணைய அனுமதி இல்லாமலிருப்பது சின்ன விஷயமா?

இதன் எதிர்முனையில் நிற்பவை லோன் ஆப்கள். ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு 2021 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தேடியபோது, எண்பதுக்கும் மேற்பட்ட செயலிக் கடைகளில் ஏறக்குறைய 1,100 கடன் செயலிகள் கிடைத்தன. அவற்றில் 600 சட்டத்துக்குப் புறம்பானவை. இவற்றில் பல, நிறுவும்போதே தொடர்புப் பட்டியலையும் படங்களையும் அள்ளிக்கொண்டன. தவணை தவறினால் அந்தப் பட்டியலில் உள்ள சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போகும், உருமாற்றிய படங்கள் போகும். கடன் செயலிகள் தொடர்புகளையும் படங்களையும் தொடக்கூடாது என்று கூகுள் விதி வகுத்ததே 2023-ல்தான். நாள்கூலிக் குடும்பத்துக்கு அவசரத்துக்கு ஐயாயிரம் ரூபாய் வேண்டுமென்றால் கட்டற்ற செயலி அதைத் தராது. லோன் ஆப்புக்கு மாற்றாக எந்தக் கட்டற்ற செயலியும் இல்லை, இருக்கவும் முடியாது. ஆனால் ‘இந்த டார்ச் லைட்டுக்கு எதற்கு என் தொடர்புப் பட்டியல்?’ என்று கேட்கும் பழக்கம் கட்டற்ற செயலிகளைப் பயன்படுத்துகிறவருக்கு வந்துவிடுகிறது. இந்தப் பழக்கத்தை நான் செயலிகளைவிட மேலாக மதிக்கிறேன்.

இரண்டாவது பலம் ரேஞ்ச் சம்பந்தப்பட்டது. மலைத்தோட்டத்தில் ஒரு வளைவில் சிக்னல் இருக்கும், அடுத்த வளைவில் போய்விடும். இணையத்திலேயே உயிர்வாழும் செயலிகள் இங்கே பாதி நேரம் சுற்றிக்கொண்டே நிற்கும். ஆர்கானிக் மேப்ஸ் என்ற கட்டற்ற செயலியில் வரைபடத்தை ஒருமுறை இறக்கிவிட்டால் பிறகு சிக்னல் இல்லாமலே வழி காட்டும். அதன் அடித்தளமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தோட்டப் பாதை ஏதாவது விடுபட்டிருந்தால் நாமே சேர்க்கலாம். கேரள அரசே ‘மேப்பத்தான் கேரளம்’ என்ற பெயரில் மக்களை அந்த வேலைக்கு அழைத்ததுண்டு. கிவிக்ஸ் செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். 2013-ல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தரும் மின்னூல்களையும் பள்ளியிலோ நூலகத்திலோ இறக்கிக்கொண்டு வீட்டில் படிக்கலாம். மலையாள நாட்டில் தமிழ்ப் புத்தகக் கடைக்கு மலையிறங்க வேண்டிய பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய கொடை என்பதைச் சமவெளியில் இருப்பவர்கள் முழுதாக உணர்வதில்லை.

இனி குறைகள். முதல் குறை வாசலிலேயே இருக்கிறது. எஃப்-டிராய்ட் 2010 முதல் இயங்கிவரும் அருமையான கடை. கணக்கு திறக்கச் சொல்லாது. மூல நிரலிலிருந்து செயலியைத் தானே கட்டித் தரும். விளம்பரமோ பின்தொடரலோ இருந்தால் அந்தச் செயலியின் பக்கத்திலேயே எச்சரித்துவிடும். ஆனால் அதை நிறுவ பிரவுசரில் ஏபிகே என்ற நிறுவல் கோப்பை இறக்கி, ‘தெரியாத செயலிகளை நிறுவ அனுமதி’ என்ற பொத்தானை இயக்க வேண்டும். போக்குவரத்து அபராதச் சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வந்து, கேரளத்தில் பலரின் வங்கிக் கணக்கைத் துடைத்த போலி ஏபிகே நுழைந்ததும் இதே வாசல் வழியாகத்தான். ஒரு கையால் அந்தக் கதவைத் திறக்கச் சொல்லிவிட்டு, மறு கையால் ‘வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகேயைத் தொடாதே’ என்று சொன்னால், முதல்முறை போன் பிடிக்கும் ஐம்பது வயது அம்மாவுக்கு எது சரி, எது தவறு என்று எப்படி விளங்கும்? ஆர்வலர்கள் இந்தக் கேள்விக்குப் போதிய பதில் வைத்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே தொடக்கம் எஃப்-டிராய்டில் வேண்டாம் என்கிறேன். விஎல்சி, ஃபயர்பாக்ஸ், ஆர்கானிக் மேப்ஸ், கிவிக்ஸ், விக்கிப்பீடியா, ஃபாசிஃபை எல்லாம் பிளே ஸ்டோரிலேயே கிடைக்கின்றன. விஎல்சி ஏற்கெனவே பல போன்களில் இருக்கிறது. அது கட்டற்றது என்பது படம் பார்ப்பவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். கொள்கைப் பிடிப்புள்ளவர்களுக்கு இது சமரசமாகத் தோன்றும். தோன்றட்டும். அபாயமான பொத்தானைத் தொடாமலே ஐந்து நல்ல செயலிகள் ஒரு வீட்டுக்குள் வருவது, எஃப்-டிராய்ட் மட்டும் நிறுவப்பட்டு மறக்கப்படுவதைவிட மேல். பழகி, அனுமதிப் பட்டியலைப் படிக்கத் தெரிந்த பிறகு, அடுத்த கடைக்குப் போகலாம்.

எஃப்-டிராய்ட் கடையின் எதிர்காலமும் கேள்விக்குறியாகி இருக்கிறது. அடையாளத்தைப் பதிந்துகொண்ட உருவாக்குநர்களின் செயலிகளை மட்டுமே ஆண்ட்ராய்டில் நிறுவ முடியும் என்ற விதியை 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளில் தொடங்கி, பிறகு உலகமெங்கும் கொண்டுவரப் போவதாக 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும், விவரம் தெரிந்தவர்களுக்குத் தனி வழி வைப்போம் என்றது. போலி ஏபிகேக்களைக் காரணம் காட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உலகத்தின் பெரும்பாலான போன்களில் எது ஓடலாம் என்று ஒரே நிறுவனம் முடிவு செய்வது அந்த நோய்க்கு மருந்தாகாது. சட்டவிரோதக் கடன் செயலிகள் பிளே ஸ்டோருக்குள்ளேயே இருந்தன என்பதை மறந்துவிட்டுப் பேச முடியாது.

பராமரிப்பு இன்னொரு பலவீனம். ‘சிம்பிள் மொபைல் டூல்ஸ்’ என்ற செயலித் தொகுப்பை லட்சக்கணக்கானவர்கள் நம்பிப் பயன்படுத்தினார்கள். 2023 இறுதியில் அதை உருவாக்கியவர் ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். நிரல் திறந்திருந்ததால், பங்களித்தவர்கள் பழைய நிரலை எடுத்து ஃபாசிஃபை என்ற பெயரில் தொடர்ந்தார்கள். மூடிய செயலியாக இருந்தால் விற்ற அன்றே கதை முடிந்திருக்கும். ஆனால் இந்தச் செய்தி யாருக்குப் போய்ச் சேர்ந்தது? தொழில்நுட்பச் செய்திகளைத் தினமும் படிப்பவருக்கு. லயத்துப் போனில் பழைய செயலி அப்படியே இருக்கும். புதுப்பிப்பு வந்தால் புது முதலாளியின் பதிப்பு இறங்கும். நிரல் யார் கையில் இருக்கிறது என்பதைக் கவனித்துச் சொல்ல ஓர் ஆள் இல்லாவிட்டால், அந்தச் சுதந்திரம் தெரிந்தவருக்கு மட்டுமே பயன்படும்.

மிகையான வாக்குறுதிகளையும் கண்டிக்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு 70 பேர் போனார்கள். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனதால் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே வந்தது. இப்படிப்பட்ட நேரத்துக்குப் பிரையர் போன்ற கட்டற்ற செயலி உதவும், அது இணையமே இல்லாமல் ப்ளூடூத்தில் செய்தி கடத்தும் என்று சிலர் எழுதுகிறார்கள். ப்ளூடூத் எட்டும் தூரம் சில பத்து மீட்டர்தான். இடையில் போன்கள் வரிசையாக இல்லாத மலையில் அது அடுத்த தோட்டத்தைக்கூடத் தொடாது. பெட்டிமுடி கேட்டது கோபுரமும் மின்சாரமும் பாதுகாப்பான வீடும். செயலி எதுவானாலும் அதற்கு ஈடாகாது. போதாக்குறைக்கு, 2023 மே மாதம் காஷ்மீர்ப் பாதுகாப்பைக் காரணம் காட்டி மத்திய அரசு முடக்கிய 14 செயலிகளில் பிரையரும் எலமென்ட்டும் உண்டு. சட்டத்தோடு மல்லுக்கட்டும் செயலியைத் தோட்டத் தொழிலாளியின் போனில் போடச் சொல்வது பொறுப்பான ஆலோசனை ஆகாது.

கூலியும் உதவித்தொகையும் போன் வழியாக வரும் வீட்டில் யூபிஐ செயலியை மாற்றவே கூடாது. அதற்குக் கட்டற்ற மாற்று மக்கள் புழக்கத்தில் இல்லை. போனின் இயங்குதளத்தை மாற்றினால் வங்கிச் செயலி திறக்க மறுக்கலாம். வாட்ஸ்அப்பும் அப்படித்தான்: தம்பி திருப்பூரில், அக்கா கம்பத்தில், சூப்பர்வைசரின் அறிவிப்பு குழுவில் என்றால், ஒருவர் மட்டும் சிக்னல் என்ற கட்டற்ற செயலிக்கு மாறி யாரோடு பேசுவது?

மொழி விஷயத்தில் மட்டும் எனக்கு இரு மனம். 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது பீர்மேடு கேரளத்தோடு நின்றது. அதனால் இங்கே பாட்டி தமிழிலும் பேத்தி மலையாளத்திலும் எழுதும் போன்கள் உண்டு. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவிலிருந்து வந்த இண்டிக் கீபோர்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, தமிழ்99 விசையமைப்பு உட்பட. சந்தை கண்டுகொள்ளாத எல்லை ஊர்த் தேவையைத் தன்னார்வலர்கள் கண்டுகொண்டது பெருமைக்குரியது. ஆனால் எழுதப் பழகாத பெரியவர்கள் இப்போது பேசித்தான் தட்டச்சு செய்கிறார்கள். ஹெலிபோர்டுக்குள் குரல் தட்டச்சு இல்லை. கூகுள் விசைப்பலகையின் தமிழ்க் குரல் தட்டச்சு நன்றாக இருக்கிறது. பாட்டியின் போனில் அதை நீக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் வீட்டுக்கு வீடு யார் சொல்லிக்கொடுப்பது? ஆள் இருக்கிறது. 2018 முதல் கேரள உயர்நிலைப் பள்ளிகளில் இயங்கும் ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் குழுக்கள் 2022-ல் தாய்மார்களுக்கே இணையப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தன. கட்டற்ற இயங்குதளமான லினக்ஸ் தெரிந்த, தமிழும் மலையாளமும் பேசும் பிள்ளைகள் அந்தக் குழுக்களில் இருக்கிறார்கள். பீர்மேடு தாலுகாவின் லிட்டில் கைட்ஸ் ஆசிரியர்களிடம் கேட்பது இதுதான்: அடுத்த வகுப்பை லயத்தில் நடத்துங்கள், தமிழில் நடத்துங்கள். ஒவ்வொரு போனிலும் அனுமதிப் பட்டியலைத் திறந்து காட்டுங்கள். பிளே ஸ்டோரிலிருந்து இரண்டு மூன்று கட்டற்ற செயலிகளைப் போட்டுக் கொடுங்கள். யூபிஐயையும் வாட்ஸ்அப்பையும் விட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் போய், அந்தச் செயலிகள் இன்னும் யார் கையில் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்லுங்கள்.