ஆம்பருக்குள் தேடவேண்டியது பூச்சியை அல்ல

ஆம்பர் என்றதும் கொசு, கொசு வயிற்றில் டைனோசர் ரத்தம் என்று 1993-இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்திலேயே பலர் நின்றுவிட்டார்கள். அது நடக்காது என்று தெரிந்ததும் ஆர்வமும் போய்விட்டது. ஆம்பர் பூச்சியில் டி.என்.ஏ. கிடைத்ததாக அப்போது வந்த ஆய்வுகளை, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தினர் மீண்டும் செய்துபார்த்து 1997-இல் கைவிரித்தார்கள். போகட்டும். மரத்திலிருந்து கசிந்த பிசின் மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்து இறுகினால் ஆம்பர். பால்டிக் ஆம்பருக்குச் சுமார் 4 கோடி வயது, மியான்மரின் கச்சின் ஆம்பருக்கு 9.9 கோடி. இறுகி முடியாத இளம் பிசின் கோபால். அசிட்டோன் பட்டால் பிசுபிசுக்கும். அடிப்படை இவ்வளவுதான்.

இனி முக்கியமானதற்கு வருவோம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பவர் நகைக்கடைக்காரர்; எது எதோடு இருக்கிறது என்று கேட்பவரே ரசிகர். 2017-இல் வெளியான ஒரு கச்சின் துண்டில், டைனோசர் இறகு ஒன்றில் உண்ணி சிக்கியிருந்தது. பாறையில் எலும்பு கிடைக்கும். அந்த விலங்கின் மேலே யார் குடியிருந்தார் என்பதைப் பாறை சொல்லாது. தற்செயலாக ஒட்டியிருக்கலாமே என்பீர்கள். நியாயம்தான், ஆனால் விடையும் அந்தத் துண்டிலேயே இருக்கும். பிசின் ஒரே நாளில் வழிவதில்லை, படலம் படலமாக வழிகிறது. துண்டை வெளிச்சத்தில் சாய்த்தால் படலங்களுக்கு இடையே மெல்லிய கோடுகள் தெரியும். இரண்டு பூச்சிகள் கோட்டின் இரு பக்கமும் இருந்தால் ஒன்றையொன்று பார்த்தே இருக்காது. ஒரே படலத்தில், ஒன்றின் கால் மற்றதைப் பற்றியிருந்தால் கதை வேறு. கண்ணாடிபோல் தெளிந்த துண்டுக்கு விலை அதிகம், எனக்கு அதில் படிக்கக் கோடுகளே இல்லை.

சிக்குவதெல்லாம் சிறு உயிர்கள்தானே, காட்டின் முழுக் கணக்கு எங்கே என்பது அடுத்த மறுப்பு. உண்மை. மடகாஸ்கரில் இன்றைய பிசின் மரங்களை வைத்து 2018-இல் வந்த ஆய்வும், அடிமரத்தைச் சுற்றி வாழ்பவையே அதிகம் சிக்குவதாகக் காட்டியது. முழுக்காடு வேண்டாமே, ஒரு மரத்தின் அக்கம்பக்கம் கிடைக்கிறதல்லவா? பெரிதாக எதையாவது காட்டும் ஆசைதான் ஆபத்து. 2020-இல் ஒரு கச்சின் மண்டையோட்டை டைனோசர் காலத்தின் மிகச் சிறிய பறவை என்று ‘நேச்சர்’ இதழ் அட்டையில் போட்டது. சில மாதங்களில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பல்லி இனம்!

பூச்சியே இல்லாத துண்டையும் ஒதுக்காதீர்கள். குஜராத்தின் வஸ்தான் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த சுமார் 5 கோடி ஆண்டு ஆம்பரின் வேதியியலே, அதைக் கசியவிட்டது குங்கிலிய மரக் குடும்பம் என்று காட்டிக்கொடுத்தது. பூச்சிகள் இருந்த துண்டுகளோ இன்னும் வம்பு செய்தன: அவற்றின் உறவினங்கள் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருந்தன. இந்தியத் தட்டு நெடுங்காலம் தனித்தீவாக ஒதுங்கிக் கிடந்தது என்று எழுதியவர்கள் அதற்குப் பிறகு கொஞ்சம் தயங்கித்தான் எழுத வேண்டியிருந்தது.