பப்பாளி இலைச் சாறு: பிளேட்லெட் ஏறினால் போதுமா?

டெங்கு என்று தெரிந்ததும் பல வீடுகளில் பப்பாளி இலையைத் தேடி ஓடுகிறார்கள். "குடித்த மறுநாளே பிளேட்லெட் ஏறிவிட்டது" என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. அந்த அனுபவம் பொய்யல்ல, ஆனால் சான்றாகாது. டெங்குவில் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை சரியும் பிளேட்லெட்கள், அதாவது ரத்தத் தட்டணுக்கள், பெரும்பாலோருக்குப் பிறகு தாமாகவே ஏறும். எண்ணிக்கை அடிமட்டத்தில் இருக்கும்போது எதைக் கொடுத்தாலும் பெயர் அதற்குத்தான்.

சாறு குடிக்காதவர்களோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். மலேசியாவில் கிள்ளான் நகரின் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் நடந்து, 2013இல் வெளியான ஆய்வு அதைச் செய்தது. 228 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும். 50 கிராம் இலையின் சாறு, மூன்று நாள், ஒரு குழுவுக்கு மட்டும். குடித்தவர்களுக்குத் தட்டணுக்கள் வேகமாக ஏறின. பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாத முடிவு இது.

குறை உண்டு. மற்றக் குழுவுக்குப் போலிச் சாறு தரவில்லை; யார் குடிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நோயாளியின் நம்பிக்கையால் ரத்தப் பரிசோதனையின் எண்ணிக்கை எளிதில் மாறிவிடாது. எனவே இதை மன்னிக்கலாம்.

மன்னிக்க முடியாதது, அந்த எண்ணிக்கையிலிருந்து நாம் தாவும் முடிவு: தட்டணு ஏறினால் உயிர் பிழைக்கும் என்பது. டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ரத்த நாளங்களிலிருந்து பிளாஸ்மா கசிந்து ரத்த அழுத்தம் சரிவதுதான். 2017இல் லான்செட் இதழில் வந்த சிங்கப்பூர், மலேசிய ஆய்வில், தட்டணுக்கள் 20,000 அல்லது அதற்கும் கீழே இறங்கியிருந்த, ஆனால் கடும் ரத்தக்கசிவு இல்லாத 372 பேர் இருந்தார்கள். ஒரு குழுவுக்குத் தட்டணுக்களையே ஏற்றிப் பார்த்தார்கள். ரத்தக்கசிவைத் தடுக்க முடியவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. தட்டணுக்களையே ஏற்றியும் கிடைக்காத பாதுகாப்பு சாற்றால் கிடைக்கும் என்றால், அதற்குத் தனிச் சான்று வேண்டும்.

என் தீர்ப்பு இது: தட்டணுக்களைச் சாறு விரைந்து ஏற்றக்கூடும் என்பதற்குக் கிள்ளான் ஆய்வு நல்ல தொடக்கம், உயிரைக் காக்கும் என்பதற்கு அது சான்றல்ல. அடுத்து வரும் ஆய்வுகள் போலிச் சாற்றோடு ஒப்பிட்டு, ரத்தக்கசிவையும் மரணத்தையும் எண்ண வேண்டும். காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் ஆபத்து அதிகம். அப்போது கடும் வயிற்றுவலியோ, ஓயாத வாந்தியோ, ஈறில் ரத்தமோ கண்டால் இலை பறிக்கப் போகாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உரிய நேரத்தில் அளவறிந்து ஏற்றும் திரவமே டெங்கு மரணங்களைக் குறைத்திருக்கிறது.