கூழ் கேட்கும் படை

விராலிமலை அடிவாரத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் அரைமணி நேரத்தில் சில மாதங்களாக நான் ஒரு படையை நடத்திவருகிறேன். செத்தவர்களின் படை. விளையாட்டின் பெயர் அண்டெட் ஹோர்டு. பின்லாந்தின் டென்டன்ஸ் நிறுவனம் 2019இல் வெளியிட்டது. அக்கா மகன் கைபேசியில் ஏற்றிக் கொடுத்தான். பிணங்களை எழுப்பும் மந்திரவாதிதான் நம் பாத்திரம். எதிரி செத்து விழுந்ததும் ஒரு பொத்தானைத் தொட்டால் அவன் எழுந்து நம் பின்னால் வருவான். சற்றுமுன் நம்மை வெட்ட வந்தவன் இப்போது நமக்காக வெட்டுகிறான். படைக்கு ஓர் அளவு உண்டு. அது நிரம்பிவிட்டால், புதியவரை எழுப்பப் பழையவர் சிலர் போக வேண்டும். அவ்வளவுதான் விதி.

முதலில் என் மகிழ்ச்சியை ஒப்புக்கொள்கிறேன். வீட்டிலும் வகுப்பிலும் துறைக் கூட்டத்திலும் ஒரு சொல்லை மூன்று முறை சொல்லிப் பழகியவள் நான். இங்கே ஒரு விரல் அசைவுக்கு ஒரு கூட்டமே ஓடுகிறது. யாரும் ஏன் என்று கேட்பதில்லை. யாருக்கும் தலைவலி இல்லை, மாதவிலக்கு இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. கீழ்ப்படிதலை எதிர்த்துக் கவிதை எழுதியவளுக்குக் கீழ்ப்படிதல் இவ்வளவு இனிக்கிறதே என்ற கூச்சம் வந்த அன்றுதான் இந்தக் கட்டுரை தொடங்கியது.

இந்த விளையாட்டின் தந்திரம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. விராலிமலை மயில்களின் ஊர். மலைமேல் முருகன் மயில்மீது அமர்ந்திருக்கிறான். அந்த மயில் யார் என்பது இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். கந்தபுராணத்தில் மாமரமாய் நின்ற சூரபன்மனை வேல் இரண்டாகப் பிளக்கிறது. ஒரு கூறு மயிலாகிறது, மறு கூறு சேவலாகிறது. ஒன்று ஊர்தி, மற்றது கொடி. தோற்ற எதிரியை அழிக்காமல் ஆட்கொண்டதை அருள் என்கிறது மரபு. அந்த அருளை நான் மறுக்கவில்லை. ஆனால் கதையைப் படிக்கிறவளாக ஒன்றைக் கவனிக்கிறேன். மயிலான பிறகு சூரன் என்ன நினைத்தான் என்று கேட்க அந்தக் கதையில் இடமில்லை. ஆட்கொள்ளப்பட்டவன் சுமக்கிறான், கூவுகிறான், பேசுவதில்லை. என் கைபேசிப் படையும் அப்படித்தான்.

பேசும் படை ஒன்று தமிழில் இருக்கிறது. அதை ஆண்டுதோறும் நான் பாடமாக நடத்துகிறேன் என்பதே இந்த விளையாட்டை ஆடும்போதுதான் உறைத்தது. சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. முதலாம் குலோத்துங்கனுக்காகக் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடுவது. ஆனால் போர் வருவதற்குள் நூலில் பாதிக்கு மேல் கடந்துவிடும். அதுவரை நாம் இருப்பது பாலையில், காளியின் கோயிலில், அவளுடைய பேய்க் கூட்டத்துக்கு நடுவில். தலைவி ஒரு பெண். படை முழுக்கப் பேய்.

அந்தப் பேய்கள் வாளெடுப்பதில்லை. அவற்றுக்கு இருப்பது பசி. ஒட்டிய வயிறும் வற்றிய உடலுமாக அவற்றை வரிசையாக நிறுத்திக் காட்டுகிறார் புலவர். முடமான பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் எல்லாம் அதில் உண்டு. 'பேய் முறைப்பாடு' என்று ஒரு பகுதிக்கே பெயர். முறைப்பாடு என்றால் முறையிடுதல். இனிப் பசி பொறுக்க முடியாது என்று படை தன் தலைவியிடம் நேரே சொல்கிறது. தலைவி அதைக் கேட்டாக வேண்டும். வழி சொல்லியாக வேண்டும். என் விளையாட்டில் இல்லாதது இந்த ஒரு பகுதிதான். ஆளுகிறவர் காதில் ஆளப்படுகிறவரின் வயிறு கேட்கும் இடம் அதில் இல்லை.

பரணியில் 'இந்திரசாலம்' என்றொரு பகுதியும் உண்டு. காளிக்கு அஞ்சி இமயத்தில் ஒளிந்திருந்த முதுபேய் ஒன்று திரும்பி வந்து, தான் கற்ற மாயவித்தையைக் காட்டுகிறது. யானைத் துண்டங்கள், தலைகள், குருதி ஆறு என ஒரு போர்க்களமே கண்முன் விரிகிறது. பசித்த பேய்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அள்ளுகின்றன. கையில் ஒன்றுமில்லை, வாயிலும் ஒன்றுமில்லை. இதை நிறுத்தச் சொல் என்று அவை காளியிடம் மன்றாடுகின்றன.

இந்தப் பகுதியை நகைச்சுவை என்று சொல்லித்தான் எனக்கு நடத்தினார்கள். நானும் அப்படித்தான் நடத்தினேன். கைபேசியில் செத்தவர்களை எழுப்பிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அது வேறாகத் தெரிந்தது. போரின் காட்சி யாருடைய பசியையும் ஆற்றாது என்பதைப் போரைப் புகழ வந்த நூலே சொல்லிவிடுகிறது. அதைக் கண்டுபிடிப்பவர்கள் பசித்தவர்கள். வயிறு நிறைந்தவளுக்கு இந்திரசாலம் பொழுதுபோக்கு. பேருந்து வரும்வரை எனக்கு அது அப்படித்தான் இருந்தது.

அதற்காகப் பரணியைப் பெண்ணின் நூல் என்று சொல்லிவிட மாட்டேன். பேய்களுக்குக் கடைசியில் சோறு கிடைப்பது கலிங்கத்தாரின் பிணத்தில்தான். போரின் காரணம் திறை கட்டாதது. ஏவிய அரசன் களத்துக்குப் போகவில்லை. கைபேசிக்கு வெளியே இருக்கும் என்னைப் போல, வெட்டுப்படாத தூரத்தில் இருந்தான். காளி கேட்ட முறையீட்டுக்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஊரார்.

போர் முடிந்ததும் சமையல் தொடங்குகிறது. பேய்கள் பல் துலக்கிக் குளித்துவிட்டு வருகின்றன. இறந்தவர்களின் பற்களே அரிசி. முரசு உரலாகிறது, யானைத் தந்தம் உலக்கையாகிறது. குற்றும்போது பாட்டுப் பாடுகின்றன. பாட்டு அரசனைப் புகழ்கிறது. துழாவி, பதம் பார்த்து, இறக்கி, ஆற்றிப் பரிமாறுகின்றன. பார்ப்பனப் பேய்க்கு, சமணப் பேய்க்கு, புத்தப் பேய்க்கு, கருவுற்ற பேய்க்கு என்று தனித்தனியே வார்க்கிறார்கள். செத்த பிறகும் பந்தியில் சாதியும் சமயமும் இருக்கின்றன. சூல்கொண்ட பேயை மறக்காத கை அதே பந்தியில்தான் இருக்கிறது.

இதை நடத்திய அன்று முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். முதல் பேருந்தைப் பிடிக்கக் காலையில் சாப்பிடாமல் வருகிறவள். "ஏம்மா, சண்டை போட்டது ஆம்பளைங்க. குத்துறது, காய்ச்சுறது, ஊத்துறது மட்டும் பேயா?" என்றாள். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பேய்கள் ஆணா பெண்ணா என்பதை இலக்கணம் காட்டாவிட்டாலும் வேலை காட்டிவிடுகிறது. குற்றுதலும் பாடிக்கொண்டே குற்றுதலும் யாருடைய வேலை என்று இந்த மாவட்டத்தில் விளக்க வேண்டியதில்லை. வெற்றிக்குப் பிறகான வேலை முழுவதையும் பரணி அடுப்படியின் சொற்களில்தான் சொல்கிறது. அந்தச் சொற்களை உடையவர்களுக்குப் பேய் என்று பெயர் வைக்கிறது.

நூலில் வேறு பெண்களும் இருக்கிறார்கள். தொடக்கத்தில் கடை திறப்பில், போருக்குப் போனவரின் வரவை எதிர்பார்த்துக் கதவடைத்திருக்கும் அழகிகள். முடிவில், பிணக்களத்தில் கணவனின் உடலைத் தேடி அலையும் பெண். அவள் தன் கணவனைப் பற்றி விசாரிப்பது பிணம் தின்னும் இடாகினியிடம். அங்கே விசாரிக்க வேறு யார் மிச்சம்? கதவுக்குப் பின்னால் இருக்கும் உடல், களத்தில் தேடும் உடல், அடுப்பில் வேகும் உடல். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் படிக்கும்படி என் மாணவிகளிடம் இப்போது சொல்கிறேன். தனித்தனியே படித்தால் முதலாவது சிருங்காரம், இரண்டாவது அவலம், மூன்றாவது நகை. சேர்த்துப் படித்தால்தான் போரின் கணக்கு வருகிறது.

யாருடைய படையிலும் சேராமல் பேயானவளும் நம்மிடம் இருக்கிறாள். காரைக்கால் அம்மையார் பேய் வடிவத்தைத் தானே கேட்டு வாங்கினார் என்கிறது பெரியபுராணம். தன் பாடல்களில் தன்னைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொண்டார். வற்றிய முலையும் குழிந்த வயிறும் புலவர்கள் ஏளனத்துக்குப் பயன்படுத்திய அடையாளங்கள். அவற்றை அவர் தன் முகவரியாக்கினார். எழுப்பப்பட்டவர் அல்ல அவர், எழுந்தவர். பேய் என்ற சொல்லில் அடிமை மட்டும் இல்லை என்பதற்கு அவரே சான்று.

விளையாட்டை நான் இன்னும் அழிக்கவில்லை. நேற்றும் ஆடினேன். படையின் அளவு நிரம்பிவிட்டது. புதியவனை எழுப்ப ஒருவனைக் கைவிட வேண்டியிருந்தது. விரல் ஒரு கணம் நின்றது. அவனுக்குப் பெயர் இல்லை, குரல் இல்லை, பசியும் இல்லை. எதற்கு நின்றேன் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அதற்குள் பேருந்து வந்துவிட்டது. அந்த மாணவி எனக்கு முன்னால் ஏறினாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "இனிமேத்தாம்மா" என்றாள்.