மேகம் மறைத்த நாளும் கணக்கில் உண்டு

சூரிய கிரகணத்துக்கு மறுநாள் செய்தித்தாளைப் புரட்டிப் பாருங்கள். மேகம் குறுக்கிட்டிருந்தால் ‘மக்கள் ஏமாற்றம்’ என்ற தலைப்பு தவறாமல் இருக்கும். 2009 ஜூலை 22 அன்று பீகாரில் தாரேக்னா என்னும் ஊரில் முழுச் சூரிய கிரகணத்தைக் காண ஆயிரக்கணக்கானோர் கூடினர். பருவமழை மேகம் வானத்தை மூடிவிட்டது. பகல் இருண்டு மீண்டும் வெளுத்ததைத் தவிர அவர்கள் வேறெதையும் காணவில்லை. அதே காலையில் காசியில் நின்றவர்களுக்குக் கிரகணம் தெரிந்தது.

ஏமாற்றம் உண்மைதான், அதை நான் குறை கூறவில்லை. நான் குறை கூறுவது வேறொன்றை. நம் நாட்டில் சூரியனை நோக்குதல் என்றாலே கிரகண நாள் கூட்டம் என்று ஆகிவிட்டது. அந்த ஒரு நாளுக்காகத் தொலைநோக்கியைத் தூசி தட்டுகிறோம். மேகம் வந்தால் பெட்டியைக் கட்டிவிடுகிறோம். சூரியனைக் காட்சிப்பொருளாகக் கற்பிக்கிறோமே தவிர, நாள்தோறும் எழுதிவர வேண்டிய கணக்காகக் கற்பிப்பதில்லை. காட்சிக்கு மேகம் பகை. கணக்குக்கு மேகம் ஒரு பதிவு. இந்த வேறுபாட்டை உணர்த்தாத வானியல் பயிற்சி அரைகுறைப் பயிற்சியே ஆகும்.

புதுச்சேரியில் ஒரு காலை

மேகத்தால் கெட்ட வானியல் முயற்சிகளில் பெயர்போனது நம் பக்கத்திலேயே நடந்தது. வெள்ளிக் கோள் சூரிய வட்டத்தின் குறுக்கே ஒரு கரும்பொட்டாக நகர்ந்து செல்லும் அரிய நிகழ்ச்சிக்குக் கடப்பு என்று பெயர். 1761-இல் நிகழ்ந்த கடப்பைப் புதுச்சேரியிலிருந்து அளக்க, 1760-இல் பிரான்சிலிருந்து கப்பலேறினார் லெ ஜென்டில். அவர் வந்து சேருமுன் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. கடப்பு நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலில் நேரத்தையும் இடத்தையும் செம்மையாக அளக்க இயலாது. அடுத்த கடப்பு 1769-இல் என்பதால் ஊர் திரும்பாமல் காத்திருந்தார். 1768-இல் புதுச்சேரி வந்து, இடிந்த கோட்டையில் நோக்குமிடம் அமைத்துக்கொண்டார். முந்தைய பல நாள்கள் காலை வானம் தெளிவாக இருந்தது. 1769 ஜூன் 4 அன்று சூரியன் உதிக்கும் வேளையில் மேகம் கவிந்தது. கடப்பு முடிந்த பிறகே சூரியன் வெளியே வந்தான்!

இக்கதையைச் சொல்லாத வானியல் நூல் குறைவு. சொல்கிற விதந்தான் எனக்கு உடன்பாடில்லை. ‘துரதிருஷ்டசாலி’ என்று ஒரு சொல்லில் அவரை முடித்துவிடுகின்றனர். அவர் என்ன செய்தார் என்று கேட்போர் இல்லை. இந்தியப் பெருங்கடலின் காற்றுகளையும் பருவங்களையும் அவர் ஆராய்ந்தார். புதுச்சேரியில் தமிழ்க் கணிதர் ஒருவர் சோழிகளை அடுக்கிக் கிரகணம் கணிக்கும் முறையைக் கேட்டு எழுதிவைத்தார். 1765 ஆகஸ்டு 30-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவை அத்தமிழர் கணித்தபோது 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான மேயரின் அட்டவணையோ 68 விநாடி கூடியது. இதை மறைக்காமல் எழுதியவரும் லெ ஜென்டிலே. தாயகம் திரும்பியபின் தம் பயணத்தை இரண்டு பெரும் தொகுதிகளாக வெளியிட்டார். புதுச்சேரியில் கடப்பைக் காணவில்லை என்பதும் அதில் ஒளிவின்றி இடம்பெற்றது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அதே கடப்பைத் தாகித்தித் தீவில் கேப்டன் குக் குழுவினரும், நார்வேயின் வட கோடியில் ஹெல் பாதிரியாரும், மெக்சிகோவின் மேற்குக் கரையில் ஷாப்பும் அளந்தனர். இவர்களைப் போன்ற பலரின் அளவுகளைச் சேர்த்து, 1771-இல் ஹார்ன்ஸ்பி என்னும் ஆங்கிலேயர் சூரியனின் தொலைவைக் கணித்தார். அது ஏறத்தாழ 15.1 கோடி கி.மீ. இன்றைய அளவு 14.96 கோடி கி.மீ. புதுச்சேரி மேகம் ஒரு மனிதரைத் தோற்கடித்தது, அளவீட்டைத் தோற்கடிக்கவில்லை. மேகத்துக்கு மாற்று அதிர்ஷ்டம் அன்று. பல இடங்களில் பலர் நிற்பதே.

ஷ்வாபேயின் மூன்று பத்திகள்

கிரகணமும் கடப்பும் அரிதாக வருபவை. நாள்தோறும் காணத்தக்கவை சூரியப் புள்ளிகள். இவற்றின் எண்ணிக்கை ஏறி இறங்குவதைக் கண்டுபிடித்தவர் ஓர் ஆர்வலர். ஜெர்மனியில் டெஸ்ஸாவ் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஷ்வாபே 1826 முதல் சூரியனை நாள் தவறாமல் நோக்கிவந்தார். ஐரோப்பாவின் வானம் நம் வானத்தைவிட மேகம் மிகுந்தது. அவர் அதற்கு என்ன செய்தார்? ஒவ்வோர் ஆண்டுக்கும் மூன்று எண்களைத் தனித்தனிப் பத்தியில் எழுதினார்: கண்ட புள்ளிக் கூட்டங்கள், புள்ளியே இல்லாத நாள்கள், தாம் நோக்கிய நாள்கள். மூன்றாவது பத்தியில்தான் அவர் பெருமை இருக்கிறது.

1837-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். நோக்கிய நாள்கள் 168; கூட்டங்கள் 333; புள்ளியற்ற நாள் ஒன்றுகூட இல்லை. 1843-இல் நோக்கியவை 312 நாள்கள், கூட்டங்கள் 34, புள்ளியற்ற நாள்கள் 149. முன்னது சூரியன் கொந்தளித்த ஆண்டு, பின்னது அடங்கிய ஆண்டு என்பது தெளிவு. இப்போது, நோக்காத நாள்களையெல்லாம் ‘புள்ளி இல்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 1837-இல் புள்ளியற்ற நாள்கள் 365-இல் 168 போக 197. 1843-இல் 149-உடன் நோக்காத 53-ஐக் கூட்ட 202. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன! கொந்தளிப்பும் அமைதியும் ஒரே நிறமாகிவிட்டன. சூரியனின் சுழற்சியை மேகம் மறைக்கவில்லை. தவறான சுழி மறைத்திருக்கும்.

பின்னர் வந்த ஸ்விட்சர்லாந்து வானியலார் வோல்ஃப் இன்னொரு படி சென்றார். கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கித் தனிப்புள்ளிகளைக் கூட்டுவது அவர் வகுத்த புள்ளி எண். தம் ஊரில் மேகம் மூடிய நாள்களுக்குப் பிறர் நோக்கிய எண்களைப் பெற்றார். ஆனால் ஒருவர் கண்ணும் கருவியும் இன்னொருவருடையதைப் போல் இருப்பதில்லை. ஆகவே ஒவ்வொருவர் எண்ணையும் அவரவர்க்குரிய ஒரு கெழுவால் பெருக்கிச் சமன் செய்தார். இக்கெழுவை மேகம் ஈன்ற பிள்ளை என்றே சொல்லலாம்.

சுழியால் வந்த வழக்கு

சூரியன் 1645 முதல் 1715 வரை ஏறக்குறையப் புள்ளிகளின்றி இருந்தது. இதை மவுண்டர் சிறுமம் என்பர். 1998-இல் ஹாய்ட், ஷாட்டன் என்னும் இருவர் பழைய பதிவுகளைத் தொகுத்துப் பெரும்பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். அதைப் பின்னால் சோதித்தவர்கள் ஒரு குறையைக் கண்டனர். நண்பகலில் சூரியனின் உயரத்தை மட்டும் அளந்த சிலர், புள்ளிகளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அந்த மௌனம் பட்டியலில் சுழியாக ஏறியிருந்தது. சிறுமம் பொய்யாகிவிடவில்லை. ஆனால் அது எவ்வளவு ஆழமானது என்ற வழக்கு நீண்டது. ‘பார்த்தேன், இல்லை’ என்பதும் ‘பார்க்கவில்லை’ என்பதும் ஒன்றல்ல என்பதை முந்நூறு ஆண்டுக்குப் பின்னும் அறிஞர்கள் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

இனி நம் மாணவர் குறிப்பேடுகளுக்கு வருவோம். உத்திரமேரூர் வட்டாரத்தில் அறிவியல் மன்றங்கள் சிலவற்றின் சூரியப்புள்ளிக் குறிப்பேடுகளைப் பார்த்திருக்கிறேன். ஆர்வத்துக்குக் குறைவில்லை, படங்களும் அழகாகவே உள்ளன. ஆனால் ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களைத் திருப்பினால், சிலவற்றில் தாளே இல்லை. சிலவற்றில் வரிசையாகச் சுழிகள். சில இடங்களில் முதல் நாள் படத்தைப் பார்த்தே மறுநாள் படம் வரையப்பட்டிருக்கிறது. இது மாணவர் குற்றமன்று. வெறுங்கட்டத்துக்கு மதிப்பெண் குறைப்பவர்கள் நாம். காணாததைக் காணவில்லை என்று எழுதிய மாணவனுக்கு முழு மதிப்பெண் தராத ஆசிரியர், பொய்யெழுதக் கற்றுக்கொடுக்கிறார். கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

செய்யத்தக்கவை

குறிப்பேட்டில் நாளுக்கு ஒரு வரி போதும்: தேதி, நேரம், வானநிலை, கூட்டங்கள், புள்ளிகள். மேகம் மூடினால் ‘மே’ என்று எழுதுக. சுழியைத் தெளிந்த வானுக்கு மட்டும் ஒதுக்குக. ஓர் இடைவெளியில் சில நிமிடம் சூரியன் தெரிந்திருந்தால் அதையும் குறிக்க. சிறு புள்ளிகளை மெல்லிய மேகம் விழுங்கிவிடும் என்பதால், அன்றைய எண் ஐயத்துக்குரியது என்று ஓர் அடையாளமிடுக. நம் பகுதியில் கோடைமழைக் காலத்தில் மேகம் பிற்பகலில் திரள்வதே வழக்கம். தரை சூடேறுமுன் காற்றின் அலைவும் குறைவு. எனவே காலை எட்டு, ஒன்பது மணியே ஏற்றது.

பக்கத்து ஊர்ப் பள்ளிகளுடன் கூட்டுச் சேருங்கள். ஓரிடத்தில் வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு பாதி என்று கொண்டால், ஒன்றையொன்று சாராத நான்கிடங்களில் ஓரிடமாவது தெளிவாக இருக்க வாய்ப்பு 16-இல் 15. ஆனால் உத்திரமேரூரையும் மதுராந்தகத்தையும் ஒரே மேகம் மூடும். ஆகவே கோவையிலும் நெல்லையிலும் ஒரு நண்பரைத் தேடிக்கொள்வது நல்லது.

கிரகண நாளில் மேகம் வந்தால் கலைந்து போகாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையையும் வெளிச்சத்தையும் குறியுங்கள். மேகத்தின் அடியிலும் இருள் வரும். அது எவ்வாறு வருகிறது என்பதும் ஓர் அளவீடே.

ஒரு கடும் எச்சரிக்கை. ‘மேகம்தான் மறைத்திருக்கிறதே, வெறும் கண்ணால் பார்க்கலாம்’ என்று சொல்வோர் உண்டு. இது ஆபத்தான பேச்சு. மெல்லிய மேகம் கண் கூசாதபடி ஒளியைக் குறைக்கும். விழித்திரையைக் காக்கும் அளவுக்குக் குறைக்குமென்று நம்ப இடமில்லை. மேகம் விலகும் கணத்தில் முழுச் சூரியனும் விழியில் பாயும். விழித்திரைக்கு வலி உணர்ச்சி கிடையாது. கேடு நேர்ந்தது பிறகே தெரியும். புகை படிந்த கண்ணாடி, பழைய எக்ஸ்ரே படம் ஆகியவையும் வேண்டா. தொலைநோக்கியின் பிம்பத்தை வெள்ளைத்தாளில் விழச்செய்து பார்ப்பதே நல்ல வழி. மேகம் வந்தாலும் யாரும் கண்வில்லையில் கண் வைக்காதபடி ஒருவர் காவல் நிற்க வேண்டும்.

விண்கலம் இருக்க நாம் எதற்கு?

2023-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் மேகமே இல்லாத இடத்தில் சூரியனை நோக்குகிறது. அப்படியிருக்க, ஊர்ப்பள்ளியின் சிறு தொலைநோக்கி எதற்கு என்று கேட்கலாம். நீண்ட கணக்கு முறியாதிருக்க வேண்டும் என்பதே விடை. விண்கலங்களின் ஆயுள் சில ஆண்டுகள். புள்ளிக் கணக்கின் ஆயுள் நூற்றாண்டுகள். அதனால்தான் பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரிலுள்ள உலகப் புள்ளி எண் நிலையம், கண்ணால் எண்ணும் பல நாட்டு நோக்கர்களின் எண்களை இன்றும் பெற்றுவருகிறது. அவர்களுள் பலர் ஆர்வலர்களே. கொடைக்கானல் வானாய்வுக்கூடத்தில் 1904 முதல் எடுத்துவரும் சூரியப் படங்களை இன்று உலகமே பயன்படுத்துகிறது. மலைமேல் மேகம் மூடிய நாள்கள் அவர்களுக்கும் உண்டு. அந்த வெற்றிடங்கள் வெற்றிடங்களாகவே இருப்பதால்தான் எஞ்சிய படங்களை நம்ப முடிகிறது.

சூரியனின் இப்போதைய சுழற்சி 2024-இல் உச்சம் கண்டது. இனி வரும் ஆண்டுகளில் புள்ளிகள் குறைந்துகொண்டே போகும். உண்மையான சுழி நாள்கள் மிகும். மேகத்தால் வந்த சுழியையும் சூரியன் தந்த சுழியையும் பிரித்தறிய வேண்டிய காலம் அதுவே. 2031 மே 21 அன்று தென் தமிழகத்தில் கங்கணக் கிரகணம் வேறு வருகிறது. அன்று மேகம் வருமா என்று எவராலும் இப்போது சொல்ல இயலாது.

உத்திரமேரூர் மக்கள் மேகத்தைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் அல்லர். வைரமேக தடாகம் என்று பெயர் பெற்ற பேரேரி நிறைய வேண்டுமே! அதே ஊரில் கி.பி. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வாரியப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரைக் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று விலக்கியது. வானத்தை நோக்குவதும் ஒரு பொறுப்பே. தெளிந்த நாளுக்கும் மூடிய நாளுக்கும் கணக்குக் காட்டுங்கள். இன்றைய தேதிக்கு எதிரே முதல் வரியை எழுதிவிடுங்கள். ‘மே’ என்ற ஓர் எழுத்தானாலும் சரி.