ஒரே சாட்சி, ஐந்து எண்கள்

வீட்டில் வைத்து மிதிக்கிற ரிக்கம்பென்ட் சைக்கிள் ஒன்றை எட்டு மாதமாக அருகிலிருந்து கவனித்துவருகிறேன். அம்மாவுக்காக வாங்கியது. அவருக்கு வயது 72. இரண்டு முட்டியிலும் தேய்மானம், சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, பிரஷருக்கு ஒரு மாத்திரை. காலையில் உத்தர வீதியைச் சுற்றி வருகிற பழக்கம் நின்று ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. மாடும் ஆட்டோவும் டூவீலரும் ஒரு காரணம். முட்டிதான் முக்கியக் காரணம்.

பார்க்காதவர்களுக்கு: சாதாரண எக்சர்சைஸ் சைக்கிளில் குறுகிய சீட்டில் ஏறி உட்கார்ந்து குனிய வேண்டும். ரிக்கம்பென்ட்டில் நாற்காலி மாதிரி அகலமான இருக்கை, சாய முதுகுப்பலகை, இடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு கைப்பிடி. பெடல் கீழே இல்லாமல் முன்னால் இருக்கும். காலைத் தூக்கித் தாண்ட வேண்டாம், நடந்துபோய் உட்காரலாம். வயதானவர்களுக்கு இந்த ஒரு வசதியே பாதி வேலையை முடித்துவிடுகிறது.

இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் கல்வெட்டு, கோயில் ஆவணம் என்று எழுதுபவன் திடீரென்று ஏன் உடற்பயிற்சிக் கருவிக்குத் தாவினான் என்று கேட்கலாம். இதிலும் கேள்வி அதேதான்: எது மூலம், எது நகல்?

கருவியின் முன்னால் ஒரு சின்னத் திரை. கன்சோல் என்கிறார்கள். அதில் ஐந்து எண்கள் மாறிமாறி வரும்: நேரம், வேகம், தூரம், மொத்தத் தூரம், கலோரி. அம்மா அரை மணி நேரம் மிதித்தால் நிமிஷத்துக்குச் சுமார் 50 சுற்று. முடிவில் திரை 7.5 கிலோமீட்டர், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம், 165 கலோரி என்று காட்டும். "இன்னிக்கு மலைக்கோட்டையைத் தாண்டியாச்சுடா" என்பார். அதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. இரண்டாவது வாரம் "165 எரிச்சிருக்கேனே, ஒரு கரண்டி அக்காரவடிசல் சாப்பிட்டா என்ன?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க உட்கார்ந்தேன்.

முதல் சோதனை. இந்தக் கருவியில் ரெசிஸ்டன்ஸ் எட்டு நிலை; கையால் திருகும் குமிழ். மெட்ரோநோம் ஆப்பை வைத்து நிமிஷத்துக்கு 60 சுற்று வீதம், 1-ல் பத்து நிமிஷம் மிதித்தேன். 600 சுற்று, 3 கிலோமீட்டர், 66 கலோரி. மறுநாள் அதே வேகத்தில் 8-ல் வைத்துப் பத்து நிமிஷம். பனியன் நனைந்துவிட்டது. திரையில் 3 கிலோமீட்டர், 66 கலோரி.

இரண்டாவது சோதனை இன்னும் சுலபம். யாரும் சீட்டில் இல்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பெடலைக் கையால் சுற்றினேன். கலோரி ஏறியது. 58 கிலோ அம்மாவுக்கும் 84 கிலோ எனக்கும் ஒரே கணக்கு, ஏனென்றால் கன்சோல் எடையைக் கேட்பதே இல்லை.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். பெல்ட் ஓடும் சக்கரத்தில் ஒரு சின்னக் காந்தம் ஒட்டியிருக்கும். எதிரே காந்தம் கடக்கும்போதெல்லாம் மூடித் திறக்கிற ஒரு ஸ்விட்ச். அது சுற்றை எண்ணுகிறது. சுற்றுக்கு 5 மீட்டர் என்று பெருக்கினால் தூரம். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். கிலோமீட்டருக்கு 22 என்று பெருக்கினால் கலோரி. ரெசிஸ்டன்ஸ் குமிழிலிருந்து கன்சோலுக்கு ஒரு ஒயர்கூடப் போகவில்லை. குமிழ் ஒரு கேபிளை இழுக்கிறது. கேபிள் வேறு காந்தங்களை ஃப்ளைவீலுக்கு அருகே நகர்த்துகிறது. சுற்றும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அது பிரேக் பிடிக்கிறது. அழகான ஏற்பாடு. உரசல் இல்லை, தேய்மானம் இல்லை, சத்தமும் இல்லை. பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழ மாட்டார். ஆனால் எவ்வளவு பிரேக் என்பது கன்சோலுக்குத் தெரியவே தெரியாது. எவ்வளவு பலம் கொடுத்து மிதித்தார் என்று தெரியாத ஒன்று, எவ்வளவு எரித்தார் என்று எப்படிச் சொல்லும்?

ஸ்ரீரங்கத்து வரலாறு படிப்பவர்களுக்கு இது பழகிய சிக்கல். கோயிலொழுகில் ஒரு செய்தி இருக்கும். அதைப் பார்த்து ஒருவர் எழுதுவார், அவரைப் பார்த்து இன்னொருவர், பிறகு ஒரு தலவரலாற்றுப் புத்தகம். ஐந்து நூல்கள் ஒரே குரலில் சொல்கின்றன என்று நாம் நம்பிவிடுவோம். ஐந்தையும் உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே சாட்சி. கோயிலொழுகு பொய் என்று நான் சொல்லவில்லை. ஒன்றை ஐந்தாக எண்ணக்கூடாது என்கிறேன். கன்சோலும் அப்படித்தான். நேரத்துக்கு உள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு, சுற்று எண்ணுவதற்கு ஒரு ஸ்விட்ச் உண்டு. மற்றதெல்லாம் வாய்ப்பாடு.

சரி, அம்மாவின் 165 உண்மையில் எவ்வளவு? உடலியக்க ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் ஒரு பட்டியல் உண்டு. சும்மா உட்கார்ந்திருப்பதை 1 என்று வைத்து, ஒவ்வொரு வேலைக்கும் அதன் மடங்கைத் தரும். 30 முதல் 50 வாட் வரை நிலைச் சைக்கிளை லேசாக மிதிப்பதற்கு அதில் 3.5. அம்மா 2-ஆம் நிலையில் மிதிப்பது அதற்கு மேல் போகாது. 58 கிலோ, அரை மணி நேரம்: 3.5 × 58 × 0.5 = ஏறக்குறைய 101 கலோரி. அதில் 29, டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். மிதித்ததால் கூடுதலாகப் போனது 72. ஒன்றிரண்டு இட்லி. இதுவும் மதிப்பீடுதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் எடையையும் மிதிக்கும் பலத்தையும் கணக்கில் எடுக்கிற மதிப்பீடு. நெய்யும் வெல்லமும் சொட்டுகிற அக்காரவடிசலை 72-ஐ வைத்து வாங்க முடியாது. சர்க்கரை நோயாளி வீட்டில் இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. தப்பான எண்ணை வைத்துத் தினமும் ராத்திரிச் சாப்பாட்டை முடிவு செய்தால், மூன்று மாதம் கழித்து வரும் ரத்தப் பரிசோதனை வேறு கதை சொல்லும்.

வேகமும் வேஷம்தான். சாய்ந்து மிதிக்கும் சைக்கிளுக்கு ஒரு வீர வரலாறு உண்டு. பிரான்சில் சார்ல் மோஷே செய்த இப்படியொரு வண்டியில் 1933-ல் ஃபிரான்சிஸ் ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி, 1914 முதல் நின்றிருந்த 44.247 கிலோமீட்டர் சாதனையை முறியடித்தார். மறு வருஷமே சர்வதேச சைக்கிள் சங்கம் விதியைத் திருத்தி அந்த வடிவத்தைப் பந்தயத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டது. அந்த வண்டி ஜெயித்ததற்குக் காரணம், சாய்ந்த உடம்பு காற்றைக் குறைவாக எதிர்த்தது. ஹாலில் நிற்கிற வண்டிக்கு எதிர்க்காற்று ஏது? அந்தப் பெருமை முழுக்கக் கழன்று முதுகுப்பலகை மட்டும் மிஞ்சியிருக்கிறது. முதுகுப்பலகைக்காகத்தான் வாங்கினோம் என்பதால் புகாரில்லை. மணிக்கு 15 கிலோமீட்டர் என்பதற்குத்தான் அர்த்தம் இல்லை.

கன்சோலில் உண்மையான இரண்டாவது சாட்சி ஒன்றும் இருக்கிறது: கைப்பிடித் தகட்டில் உள்ள நாடி சென்சார். கோவிட் சமயத்தில் எல்லார் வீட்டிலும் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கை அசையாமல் இருந்தால் நாலைந்துக்குள் ஒத்துப்போகிறது. பிடியைத் தளர்த்தினால் தாறுமாறாகக் குதிக்கிறது. சிக்கல் சென்சாரில் இல்லை, கையேட்டில் அச்சிட்டிருக்கிற அட்டவணையில். 220-லிருந்து வயதைக் கழி, அதில் இத்தனை சதவீதத்துக்கு நாடியைக் கொண்டுபோ என்கிறது. 72 வயதுக்கு உச்சம் 148. 2001-ல் வெளியான டனாகா குழுவின் சூத்திரப்படி, 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால், 158. எந்தச் சூத்திரமானாலும் தனி மனிதருக்குப் பத்துத் துடிப்பு இப்படி அப்படி இருப்பது சகஜம். அதைவிடப் பெரிய விஷயம் பிரஷர் மாத்திரை. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை நாடித் துடிப்பையே அடக்கி வைக்கும். அது சாப்பிடுகிறவர் அட்டவணை எண்ணைத் துரத்தினால் அளவுக்கு மீறித் திணறுவார், எண் வரவே வராது. அம்மா சாப்பிடுவது அந்த வகைதான். முதியோரைக் குறிவைத்து விற்கிற கருவியின் கையேட்டில் இதற்கு ஒரு வரி கிடையாது.

மருத்துவர்கள் சொல்லும் பழைய வழி ஒன்று இருக்கிறது. மிதமான உழைப்பில் பேச முடியும், பாட முடியாது. எங்கள் வீட்டில் அது திருப்பாவையாக மாறியது. பாசுரத்தைச் சொல்ல முடிய வேண்டும். ராகம் போட்டுப் பாட மூச்சு இடம் கொடுத்தால் குமிழை ஒரு நிலை கூட்டு. சொல்லவே திணறினால் குறை. அம்மாவின் வேகத்தில் முப்பது பாசுரமும் முடிய கால் மணிக்குச் சற்று மேலாகும். ஒரு தடவை, கொஞ்சம் ஓய்வு, இன்னொரு தடவை. கலோரி வரியின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டேன்.

இனி இருக்கை. முட்டிக்கு நல்லதா கெட்டதா என்பதைத் தீர்மானிப்பது திரையல்ல, இதுதான். பெடல் மிகத் தொலைவில் போகும்போது முட்டி கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். முழுசாக நீண்டு பூட்டிக்கொண்டால் வலி. அதற்காக எட்டி இடுப்பு நகர்ந்தால் முதுகு வலி. அம்மா உயரம் 4 அடி 10 அங்குலம். இருக்கையை முன்னுக்குக் கடைசிப் பல் வரை தள்ளியும் கால் நீண்டு பூட்டியது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 5 அடி முதல் 6 அடி 2 அங்குலம் வரை என்று இருக்கிறது. பெட்டியின் மேல் குடும்பத்தில் அனைவருக்கும் என்று கொட்டை எழுத்து. அம்மா தலைமுறைப் பெண்களில் ஐந்தடிக்குக் கீழே எத்தனை பேர் என்று நம் வீதியில் ஒரு நடை நடந்தாலே தெரியும். அவர்கள்தானே முட்டி வலிக்காரர்கள்!

தலையணை வைத்துப் பார்த்தோம். இலவம்பஞ்சு பத்து நிமிஷத்தில் அமுங்கிவிடுகிறது. கடைசியில் தச்சர் ஒருவர் முதுகுப்பலகை அளவுக்கு பிளைவுட் வெட்டி, இரண்டங்குல கெட்டி ஃபோம் ஒட்டி, பெல்ட் போட்டுக் கட்டிக் கொடுத்தார். கால் சரியானது. முட்டி கிட்டே வரும் பக்கம்தான் இன்னும் கொஞ்சம் அதிகமாக மடங்குகிறது, ஏனென்றால் கிராங்க் 17 சென்டிமீட்டர். குள்ளமான உடம்புக்கு அது பெரிய வட்டம். அதைச் சுருக்க வழியில்லை.

பெர்லினில் செயற்கை முட்டிக்குள்ளேயே அளவுமானி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சமதளத்தில் நடக்கும்போது முட்டியில் விழும் சுமை உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு அளவுக்குப் போகிறது. மிதமாகச் சைக்கிள் மிதிக்கும்போது உடல் எடைக்குச் சற்று மேல்தான். பலம் கூடினால் சுமை கூடுகிறது. ஆக, குறைந்த ரெசிஸ்டன்ஸில் சீராகச் சுற்றுவதே முட்டிக்கு உகந்தது. பாருங்கள், சுற்றை மட்டும் எண்ணிப் பரிசு தருகிற அந்த முட்டாள் கன்சோல், தெரியாமலே அம்மாவைச் சரியான பக்கம் தள்ளியிருக்கிறது.

பொருத்துவதில் ஒன்றே ஒன்று. இடது பெடலின் மரை தலைகீழ். வலமிருந்து இடமாகத் திருகினால்தான் இறுகும். எந்தச் சைக்கிள் கடைப் பையனுக்கும் தெரியும். கையேட்டில் அதற்குக் கடுகளவு ஓர் எழுத்து. பலம் போட்டு மாற்றித் திருகினால் கிராங்க்கின் மரையே போய்விடும்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு, ஏன் இன்னும் ஹாலில் வைத்திருக்கிறேன்? தமிழ்நாடும் இடம்பெற்ற ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2014-ல் வெளியானபோது, பார்த்தவர்களில் 54.4 சதவீதம் பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். பொழுதுபோக்காக உடற்பயிற்சி செய்பவர்கள் பத்து சதவீதத்துக்கும் கீழே. அம்மா இப்போது வாரத்தில் ஆறு நாள் அரை மணி மிதிக்கிறார். 180 நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் கேட்கிற 150-ஐத் தாண்டிவிட்டது. 1991-ல் பக்கத்து புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றபோது அம்மாவுக்கு 38 வயது. இங்கே யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. வாழ்க்கையில் முதன்முதலாகப் பெடல் மிதிப்பது இப்போதுதான்.

ஆனால் இது மட்டும் போதும் என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். 65 தாண்டியவர்களுக்கு அதே உலக சுகாதார நிறுவனம் வாரம் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் பலம் கூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. சாய்ந்து உட்கார்ந்து மிதிப்பதில் உடம்பு தன்னைத் தாங்குவதே இல்லை. விழாமல் இருக்க அது கற்றுத்தராது. அதற்கு அம்மா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குகிறார்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே மூன்று காரியம் செய்யுங்கள். மிதிக்கப் போகிறவரையே கூட்டிப்போய் உட்காரவையுங்கள். இருக்கை கடைசிப் பல்லில் இருக்கும்போது முட்டி மடங்குகிறதா என்று பாருங்கள். குமிழை 1-லும் 8-லும் வைத்து ஒரே வேகத்தில் இரண்டிரண்டு நிமிஷம் மிதித்துக் கலோரியை ஒப்பிடுங்கள். பிறகு இறங்கி, பெடலைக் கையால் சுற்றிக் கலோரி ஏறுவதை விற்பனையாளருக்குக் காட்டுங்கள். அவர் முகம் மாறினால் விலையில் கொஞ்சம் குறைப்பார்.