‘நரம்பு மாத்திரை’ என்று சொல்லி அனுப்புவது

சர்க்கரை நோயால் கால் எரிகிறது என்று போகிறவருக்கும் ஒற்றைத் தலைவலிக்காரருக்கும் அமிட்ரிப்டிலின் எழுதி, ‘நரம்பு மாத்திரை, ராத்திரி போடுங்க’ என்று அனுப்பிவிடுகிறார்கள். இது மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்து என்று ஏன் சொல்வதில்லை? ‘சொன்னால் போட மாட்டார்கள்’ என்கிறார்கள் மருத்துவர்கள். அண்மையில் ஒரு கூட்டத்தில் மூத்த மருத்துவர் ஒருவர் இதை நோயாளியின் நன்மைக்கான வழி என்றே வாதிட்டார். என்னால் ஏற்க முடியவில்லை.

மருந்தில் குறையில்லை. 1961 முதல் அமெரிக்காவில் விற்பனையில் இருப்பது; விலை மலிவு; பலருக்கு எரிச்சல் தணிந்து தூக்கம் வருகிறது. புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது என்பதும் தெரியும். பெயரைக் கேட்டு மிரண்டு நிறுத்தியவர்களும் உண்டு.

ஆனால் வைட்டமின் பி12-ஐயும் நம் ஊரில் ‘நரம்பு மாத்திரை’ என்றுதான் சொல்கிறோம். அமிட்ரிப்டிலின் போட்டுவந்த என் பெரியப்பாவுக்கு ஒருநாள் சிறுநீர் அடைத்துக்கொண்டது. வேறொரு மருத்துவமனையில், ‘என்ன மாத்திரை போடுறீங்க?’ என்று கேட்டார்கள். ‘சர்க்கரைக்கு ஒண்ணு, நரம்புக்கு ஒண்ணு’ என்றார். கேட்டவர் அதைச் சத்து மாத்திரை என்று எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். புராஸ்டேட் வீங்கிய முதியவருக்குச் சிறுநீரைத் தேக்கிவிடக்கூடிய மருந்து அது. கண் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களிடமும் கவனம் வேண்டும். வாய் வறட்சி, மலச்சிக்கல், காலையில் தள்ளாட்டம் எதனால் என்று தெரியாமலேயே பெரியப்பா அவற்றை மூப்பின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார். பெயர் தெரியாதவர் எதைக் கவனிப்பார், யாரிடம் எதைச் சொல்வார்?

மறைத்தாலும் மறையாது. பேரன் அட்டையில் உள்ள பெயரைக் கைபேசியில் தட்டினால் ‘மனச்சோர்வு’ என்று வருகிறது. ‘எனக்கு மனசு சரியில்லைன்னு நெனச்சுட்டாரா?’ என்று அன்றே மாத்திரை குப்பைக்குப் போகும். மருத்துவர்மேல் இருந்த நம்பிக்கையும் போகும். அவர் எதற்கு அஞ்சி மறைத்தாரோ அதுவே நடக்கிறது.

சொல்வதற்கு அதிகம் இல்லை. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியை அடக்கும் பாதைகளுக்கு இம்மருந்து வலுவூட்டுகிறது. வலிக்கு 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள். மனச்சோர்வுக்குப் பல மடங்கு கூடுதலாகத் தேவைப்படும். பலன் தெரியச் சில வாரம் ஆகும். எல்லோருக்கும் கேட்காது. தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. ஒரு நிமிடப் பேச்சு.

இன்னொருவரும் இருக்கிறார். மனச்சோர்வுக்காகவே அதே மருந்தை வாங்க அதே மருந்தகத்தில் நிற்பவர். தன் மாத்திரையின் பெயரை மருத்துவரே வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.